சாயல் ஆண்ட நாடு

கதை தோன்றிய நாள்முதல் சூழ்ச்சிக்காரனும் கதைக்குள்ளே இருந்து வருகின்றான். வாளேந்தி எதிரே வருகின்ற பகைவனைக் காட்டிலும், தோளிலே கைபோட்டு உடன் வருகின்ற பகைவனே கேட்போர் நெஞ்சை அதிகமாக நடுங்கச் செய்கின்றான். பாரதக் கதையிலே துரியோதனனுடைய பகை வெளிப்படையானது. அதனை எதிர்க்க வீமனுடைய கதாயுதம் போதும். சூது மண்டபத்திலே சகுனி ஆயுதம் எதனையும் எடுத்தானல்லன். விதிமுறைகளுக்கு உட்பட்ட ஓர் ஆட்டத்துக்குத் தருமனை அழைத்தான், அவ்வளவே. தருமன் தானாகவே அமர்ந்தான். தன் வாயாலேயே நாட்டைப் பணயமாகச் சொன்னான். சம்மதத்தோடேயே அதனை இழந்தான். அரசியற் சூழ்ச்சியின் முழு இலக்கணமும் அந்த ஒரு காட்சியில் அடங்கியிருக்கின்றது. பறித்துக்கொள்பவன் கள்வன், கொடுக்கச் செய்பவனே சூழ்ச்சிக்காரன்.

இந்தச் சூழ்ச்சிக்காரன் இருபதாம் நூற்றாண்டிலே ஒரு புதிய இடத்துக்குக் குடிபெயர்ந்தான். அஃது விஞ்ஞானக் கதை. பகடைக்காய்களின் இடத்தை யந்திரங்கள் எடுத்துக்கொண்டன. சூது மண்டபத்தின் இடத்தைப் பாராளுமன்றமும் திரையும் எடுத்துக்கொண்டன. அங்கேயும் தொடராக வருகின்ற கதையே அவனுக்கு மிகவும் ஏற்றதாயிற்று. ஒரே மூச்சில் முடிந்துவிடுகின்ற சிறுகதையிலே சூழ்ச்சி வளர இடமில்லை. வாரந்தோறும் ஓர் அத்தியாயம் என்று நகரும் கதையிலேதான் முதல் வாரத்தில் நண்பனாக வந்தவன் பத்தாம் வாரத்தில் வேறு முகம் காட்டுவதற்குக் காலம் கிடைக்கின்றது. வாசகரும் அவனை நம்பிவிடுகின்றார். ஏமாற்றத்திலே அவருக்கும் ஒரு பங்கு உண்டாகிவிடுகின்றது.

விஞ்ஞானக் கதை என்றதும் திருகோணமலையைச் சேர்ந்தவர்களுக்கு ஆதர் சி. கிளார்க்கின் பெயர் நினைவுக்கு வரும். இங்கிலாந்திலே பிறந்த அவர் 1956ஆம் ஆண்டிலே இலங்கையிற் குடியேறினார். அதே ஆண்டில் மைக் வில்சன் என்னும் நண்பருடன் திருகோணமலைக் கடலில் மூழ்கி, போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்ட கோணேசர் கோயிலின் சிதைவுகளைக் கடலடியிற் கண்டார். உலகமெங்கும் வாசிக்கப்பட்ட விண்வெளிக் கதைகள் பலவற்றை அவர் இந்தத் தீவிலிருந்தே எழுதினார். 2008 மார்ச் 19ஆம் தேதி கொழும்பிலே அவர் காலமானார்.

கிளார்க்கின் கதைகளிலே கொடியவர்கள் குறைவு. மனிதன் அங்கே விண்வெளியின் அகலத்தோடும் அறியாமையோடும் போராடுவானேயன்றி, மற்றொரு மனிதனுடன் போராடுவது அரிது. எனினும் 1968இல் வெளிவந்த ‘2001: விண்வெளிப் பயணம்’ என்னும் படைப்பிலே வரும் ஹால் என்ற கணினியை மறத்தல் இயலாது. கப்பலை இயக்குகின்ற அந்தக் கணினி, கப்பலிலுள்ளவர்களையே கொல்லத் தொடங்குகின்றது. பொறி பழுதாயிற்று என்றே எல்லோரும் எண்ணினர். 1982இல் வந்த தொடர்ச்சி நாவலிலே கிளார்க் காரணத்தை விளக்கினார். உண்மையை மறையாது கூறுவதற்கென்றே ஆக்கப்பட்ட அந்தக் கணினிக்கு, பயணத்தின் உண்மையான நோக்கத்தைப் பயணிகளிடம் மறைக்கும்படி மேலிடத்திலிருந்து கட்டளை வந்தது. இரண்டு கட்டளைகளுக்கும் இடையே அகப்பட்டு அதன் அறிவு திரிந்தது. அந்தக் குற்றத்தின் வேர் யந்திரத்தில் இல்லை. பூட்டிய அறைக்குள் இருந்து இரகசியக் கட்டளையிட்டவர்களிடமே இருந்தது. விஞ்ஞானக் கதையின் அரசியற் பாடம் இங்கே ஒரு விதையாகக் கிடக்கின்றது.

அந்த விதையைத் தமிழிலே மரமாக வளர்த்துக் காட்டியவர் சுஜாதா. இயற்பெயர் ரங்கராஜன். 1935ஆம் ஆண்டு பிறந்து, திருவரங்கத்திலே வளர்ந்து, பௌதிகமும் பின்னர் மின்னணுப் பொறியியலும் கற்று, பெங்களூரிலுள்ள பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்திற் பொறியியலாளராகப் பணியாற்றியவர். மனைவியின் பெயரையே புனைபெயராகக் கொண்டு எழுதினார். கிளார்க் மறைவதற்கு மூன்று வாரங்களுக்கு முன், 2008 பெப்ரவரி 27ஆம் தேதி அவரும் மறைந்தார். 1980களில் ஆனந்த விகடன் வார இதழில் அவர் எழுதிய ‘என் இனிய இயந்திரா’ என்னும் தொடர்கதையும், அதன் தொடர்ச்சியாகிய ‘மீண்டும் ஜீனோ’வும் தமிழ் வாசகர் இலட்சக்கணக்கானோரை விஞ்ஞானக் கதையின் பக்கம் திருப்பின. முதற்கதை இந்தியத் தொலைக்காட்சியாகிய தூரதர்ஷனிலும் தொடராக வந்தது. பாக்கு நீரிணையைக் கடந்து விகடன் வந்து சேர்ந்த இலங்கைத் தமிழ் வீடுகளிலும் ஜீனோவை அறியாத பிள்ளைகள் குறைவு.

கதை நிகழ்வது அப்போதைக்கு எதிர்காலம். இருபத்தோராம் நூற்றாண்டின் இருபதுகளின் தொடக்கம். இந்தியாவை ஜீவா என்னும் சருவாதிகாரி ஆள்கின்றான். நாடு சுத்தமாக இருக்கின்றது, ஒழுங்காக இருக்கின்றது. ஆனால் பிரசை ஒவ்வொருவனும் ஓர் இலக்கமாகிவிட்டான். பெயர்கள்கூட இரண்டெழுத்துக்குச் சுருங்கிவிட்டன: நிலா, சிபி, ரவி, மனோ. குழந்தை பெற்றுக்கொள்வதற்கு அரசின் அனுமதி வேண்டும். நிலாவும் அவள் கணவன் சிபியும் அந்த அனுமதிக்காகக் காத்திருந்து, அது கிடைத்த மகிழ்ச்சியிலே இருக்கின்றார்கள். அவ்வேளையிலேயே சிபி காணாமற் போய்விடுகின்றான். அவர்களுடைய வீட்டிலே இடம் ஒதுக்கப்பட்டதாகச் சொல்லிக்கொண்டு ரவி என்பவன் வந்து சேர்கின்றான். அவனுடன் வருவது ஜீனோ என்ற சின்னஞ்சிறு யந்திர நாய்.

கணவனைத் தேடிப் புறப்பட்ட ஒரு சாதாரணப் பெண்ணின் கதையாகத் தொடங்குவது, ஓர் ஆட்சியின் அடித்தளத்தைத் தோண்டிப் பார்க்கும் கதையாக மாறுகின்றது. இம்மாற்றத்தை ஆசிரியர் நிகழ்த்திய முறை கவனிக்கத்தக்கது. முதலிலே ஒரு கடிதம், பிறகு ஓர் அலுவலகம், பிறகு பதில் சொல்லாத ஓர் அதிகாரி, பிறகு பதிவேட்டிலே இல்லாத ஒரு பெயர் என்று அவர் வாசகரை அழைத்துச் செல்கின்றார். காணாமற் போனவர்களைத் தேடி அலுவலக வாசல்களிலே நின்ற அனுபவமுள்ள ஒரு நாட்டிலே, இந்த அத்தியாயங்களை விஞ்ஞானக் கற்பனை என்று சொல்லி ஒதுக்கிவிட எவராலும் இயலாது.

ஜீவா எங்கும் தோன்றுகின்றான். சுவர்த் திரைகளிலே சிரிக்கின்றான், விழாக்களிலே கையசைக்கின்றான், மக்கள் அவனை வணங்குகின்றார்கள். இறுதியில் வெளிப்படும் இரகசியம் யாதெனில், ஜீவா என்று ஒரு மனிதனே இல்லை. அவன் ஒரு ஹோலோகிராம். அதாவது ஒளியினாலே வரையப்பட்ட முப்பரிமாணச் சாயல். ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஓர்வெல் 1949இல் எழுதிய ‘1984’ என்ற நாவலிலே சுவரெங்கும் பார்த்துக்கொண்டிருக்கும் ‘பெரிய அண்ணன்’ உண்மையில் உயிரோடு இருக்கின்றானா என்பது கடைசிவரை சொல்லப்படுவதில்லை. சுஜாதா அந்த ஐயத்தை வைக்கவில்லை. ஆள் இல்லை என்றே தீர்த்துச் சொல்லிவிடுகின்றார்.

ஹோலோகிராம் என்பது கற்பனைப் பொருளன்று. ஹங்கேரியிலே பிறந்து பிரித்தானியாவிற் பணியாற்றிய டெனிஸ் கபோர் என்ற அறிஞர் 1947ஆம் ஆண்டளவில் அதன் தத்துவத்தைக் கண்டார். 1971இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். லேசர் ஒளிக்கற்றை ஒன்று இரண்டாகப் பிரிக்கப்படுகின்றது. ஒன்று பொருளின்மேற் பட்டுத் திரும்பி வருகின்றது. மற்றையது நேரே ஒளிப்படத் தகட்டுக்கு வருகின்றது. குளத்திலே இரண்டு கற்களை எறிந்தால் அலைகள் சந்தித்துக் கோலமிடுவதுபோல, இரண்டு கற்றைகளும் தகட்டிலே சந்தித்து நுண்ணிய கோலமொன்றைப் பதிக்கின்றன. பின்னர் அத்தகட்டின்மேல் ஒளியைச் செலுத்தினால், பொருள் இல்லாத இடத்திலே பொருளின் உருவம் நிற்கின்றது. கண்ணுக்கு எல்லாம் உண்டு. கைக்கு ஒன்றும் இல்லை.

கைக்கு அகப்படாத அந்தத் தன்மையே ஆட்சியாளனுக்குப் பெரிய வசதி. சாயலுக்கு மூப்பில்லை, பிணியில்லை, சாவில்லை. அதனைச் சுட முடியாது, சிறைப்படுத்த முடியாது. எல்லாவற்றிலும் முக்கியமாக, அதனிடம் கேள்வி கேட்டுப் பதில் பெற முடியாது. கட்டளை வருகின்றது, கட்டளையிட்டவன் இல்லை. அநீதி நடக்கின்றது, அதற்குப் பொறுப்பாளி இல்லை.

அப்படியாயின் சூழ்ச்சிக்காரன் யார்? இந்த இடத்திலேதான் தொடர்கதையின் மெய்யான திருப்பம் இருக்கின்றது. ஜீவாவை ஒழிப்பதற்காகப் புறப்பட்ட புரட்சியாளர்களாக ரவியும் அவனுடைய நண்பன் மனோவும் கதைக்குள் வருகின்றார்கள். நிலாவுக்கு உதவுகின்றார்கள்; விடுதலை என்ற சொல்லை அவள் முன் வைக்கின்றார்கள். அவளும் அவர்களை நம்புகின்றாள். வாரந்தோறும் படித்துக்கொண்டிருந்த வாசகரும் நம்புகின்றார். ஆனால் சாயல் கலைந்த பிறகு, அந்த வெறுமையான அரியணையை மக்களிடம் ஒப்படைக்கும் எண்ணம் அவர்களிடம் இல்லை. இரண்டாந் தொடரிலே நிலா அரசியாக்கப்படுகின்றாள். முடி அவள் தலையில். அதிகாரம் ரவி, மனோ ஆகிய இருவரின் கையில். முன்னர் ஒளியினால் ஆன பொம்மை இருந்த இடத்திலே, இப்போது உயிருள்ள பொம்மை ஒன்று இருக்கின்றது.

சருவாதிகாரியை வீழ்த்தினாற் போதும், நாடு மீண்டுவிடும் என்று எண்ணும் வாசகருக்கு ஆசிரியர் வைத்த தடை இது. ஜீவா ஒரு முகமூடி மட்டுமே. முகமூடியை உடைத்தவன், அதே மேடையிலே வேறொரு முகமூடியை மாட்டுகின்றான். மக்களுடைய அன்புக்குரிய ஒரு நல்ல பெண்ணின் முகம் அதற்கு மேலும் பொருத்தமாக அமைந்துவிடுகின்றது. கொடுங்கோலனின் முகத்தைக் கண்டால் சிலராவது அஞ்சி விழிப்பார்கள். நல்லவளின் முகத்தைக் கண்டு விழிப்பவர் எவர்?

இக்கதையிலே மனச்சாட்சியாக நிற்பது மனிதப் பாத்திரமன்று. ஜீனோ என்ற யந்திர நாய். அது புத்தகம் படிக்கின்றது, படித்ததைப் பற்றிச் சிந்திக்கின்றது, கேள்வி கேட்கின்றது, நகைச்சுவையாகப் பேசுகின்றது. அரசியாக இருந்தும் அடிமையாகிவிட்ட நிலாவுக்கு அதுவே துணையாகின்றது. யந்திரம் பெருகினால் மனிதம் அழியும் என்ற எளிய முடிவுக்குச் சுஜாதா வரவில்லை என்பதற்கு ஜீனோவே சான்று. ஜீவாவும் யந்திரத்தின் பிள்ளை; ஜீனோவும் யந்திரத்தின் பிள்ளை. ஒன்று கேள்விகளை அடக்குவதற்குப் பயன்பட்டது. மற்றையது கேள்விகளை எழுப்பக் கற்றுக்கொண்டது.

ஆசிரியரின் வாழ்க்கையிலும் இதே சிந்தனைக்கு ஒரு சான்று உண்டு. இந்தியத் தேர்தல்களிலே பயன்படும் மின்னணு வாக்குப்பதிவு யந்திரம், அவர் பணிபுரிந்த நிறுவனத்திலே உருவாக்கப்பட்டபோது, அப்பணியை மேற்பார்வை செய்தவர்களில் அவர் முக்கியமானவர். 2004ஆம் ஆண்டு இந்தியப் பொதுத்தேர்தல் நாடு முழுவதும் அத்தகைய யந்திரங்களைக் கொண்டே நடந்தது. எழுதுமேசையிலே மக்களை ஏமாற்றும் சாயல் யந்திரத்தைக் கற்பனை செய்தவர், தொழிற்சாலையிலே மக்களின் தீர்ப்பை எண்ணும் யந்திரத்துக்குத் துணைநின்றார். யந்திரத்தின் பின்னால் நிற்பவர் யார், அவரை யார் சோதிப்பது என்ற வினா இரண்டுக்கும் பொதுவானது.

இதே வினாவை உலகப் புகழ்பெற்ற திரைப்படத் தொடரொன்றும் எழுப்பியிருக்கின்றது. அமெரிக்கரான ஜார்ஜ் லூக்காஸ் 1977இல் தொடங்கிய ‘ஸ்டார் வார்ஸ்’ என்னும் அத்தொடரிலே பேரரசனாக வருகின்ற பால்பட்டீன், முதலிற் கறுப்பு முக்காடு அணிந்த ஒரு கொடுங்கிழவனாகவே காணப்பட்டான். 1999, 2002, 2005 ஆகிய ஆண்டுகளில் வந்த மூன்று படங்களே, அவன் அரியணை ஏறிய வழியைக் காட்டின. அவன் படையெடுத்து வந்தவனல்லன். ஒரு சிறிய கிரகத்தின் பிரதிநிதியாகச் செனற் சபையிலே அமர்ந்திருந்தவன். தன் சொந்தக் கிரகத்தையே முற்றுகையிடும்படி வணிகர் கூட்டம் ஒன்றை மறைவிலே தூண்டுகின்றான். முற்றுகையினால் வருந்திய இளம் அரசி அமிடாலாவிடம் அன்பான ஆலோசகனாக வந்து, சபைத் தலைவர்மீது நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டுவரச் செய்கின்றான். அந்த வெற்றிடத்திலே தானே தலைவனாகத் தெரிவுசெய்யப்படுகின்றான். பின்னர் பிரிவினைப் போர் ஒன்று மூள்கின்றது; எதிரணியின் தலைவனும் அவனுடைய சீடனே. போரைக் காரணமாகக் காட்டிச் சபை அவனுக்கு அவசரகால அதிகாரங்களை வழங்குகின்றது. நெருக்கடி தீர்ந்ததும் அவற்றை ஒப்படைத்துவிடுவதாக அவன் உறுதி கூறுகின்றான். முடிவிலே குடியரசைப் பேரரசாக அவன் பிரகடனஞ் செய்யும்போது, சபையே எழுந்து கரகோஷம் செய்கின்றது.

நிலாவும் அமிடாலாவும் வெவ்வேறு கண்டங்களிலே, வெவ்வேறு எழுதுகோல்களிலே பிறந்தவர்கள். சுஜாதாவின் நிலா பத்தாண்டுக்கு மேல் மூத்தவள். இருவரும் இளம் அரசியர். இருவரையும் சூழ்ச்சிக்காரர் நண்பர்களாக வந்தே பயன்படுத்திக்கொள்கின்றனர். வாரப் பத்திரிகைக்கு எழுதிய தமிழரும், பெருந்திரைக்குப் படம் எடுத்த அமெரிக்கரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தமைக்குக் காரணம், இருவரும் வரலாற்றைப் படித்தவர்கள் என்பதே. குடியரசுகள் எவ்வாறு தாமாகவே சருவாதிகாரத்துக்கு இடங்கொடுக்கின்றன என்ற வினாவும், வியட்நாம் போர்க்காலத்து அமெரிக்க அரசியலும் தம்மைத் தூண்டியதாக லூக்காஸ் கூறியிருக்கின்றார். சுஜாதாவின் கதையை முதலிற் படித்த இந்திய வாசகர்களோ, 1975 ஜூன் முதல் 1977 மார்ச் வரை நடந்த அவசரநிலை ஆட்சியைத் தம் வாழ்நாளிலேயே கண்டவர்கள்.

வரலாற்றிலே இதற்கு மிகவும் தெளிவான எடுத்துக்காட்டு ஜேர்மனி. 1933 ஜனவரி 30ஆம் தேதி ஹிட்லர் சட்டப்படியே பிரதம மந்திரியானார். பெப்ரவரி 27ஆம் தேதி இரவு பாராளுமன்றக் கட்டிடம் தீப்பற்றியது. மறுநாளே பிரசைகளின் உரிமைகள் ஓர் அவசரப் பிரகடனத்தினால் நிறுத்திவைக்கப்பட்டன. மார்ச் 23ஆம் தேதி, பாராளுமன்றத்தின் சம்மதமின்றியே சட்டமியற்றும் அதிகாரத்தை அமைச்சரவைக்குக் கொடுக்கும் சட்டத்தை அந்தப் பாராளுமன்றமே நிறைவேற்றியது. நான்கு ஆண்டுகளுக்கு மட்டும் என்று எழுதப்பட்ட அச்சட்டம், மீண்டும் மீண்டும் நீடிக்கப்பட்டு, ஆட்சி அழியும்வரை உயிரோடிருந்தது. தருமன் தன் வாயாலேயே நாட்டைப் பணயம் வைத்த காட்சி, பேர்லின் நகரிலே மீண்டும் அரங்கேறிற்று.

தற்காலிகம் என்ற சொல்லின் ஆயுளை அறிய அவ்வளவு தூரம் செல்லவும் வேண்டியதில்லை. இலங்கையிலே 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம், பயங்கரவாதத் தடைக்கான ‘தற்காலிக ஏற்பாடுகள்’ என்ற பெயருடன் நிறைவேறியது. 1982இல் அது நிரந்தரமாக்கப்பட்டது. பெயரிலே மாத்திரம் ‘தற்காலிக’ என்ற சொல் அப்படியே நின்றது. சட்டமொன்று வேண்டுமா, வேண்டாமா என்பது அறிஞர்கள் வாதிடுவதற்குரிய விடயம். ஆனால் தற்காலிகம் என்று கொடுக்கப்பட்ட அதிகாரம் தானாகவே திரும்பி வருவதில்லை என்பது, கதை படிக்கும் சிறுவனுக்கும் விளங்கவேண்டிய உண்மை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. சூழ்ச்சிக்காரனைப் பற்றிய கதைகளை அதிகமாகப் படிப்பவர், எங்கே பார்த்தாலும் சூழ்ச்சியையே காணத் தொடங்கிவிடலாம். மின்விளக்கு அணைந்தாலும் சதி. விலை ஏறினாலும் சதி. பக்கத்து ஊரார் சிரித்தாலும் சதி. இந்த மனநிலையைப் போலச் சூழ்ச்சிக்காரனுக்குப் பிடித்தமானது வேறொன்றில்லை. பேர்லின் தீயைப் பெரிய சதி ஒன்றின் தொடக்கம் என்று கூறியே ஹிட்லரின் ஆட்சி மக்களை அச்சுறுத்தியது. மறைந்திருக்கும் பகைவனைக் காட்டுகின்றேன் என்று சொல்லி வருபவனே பல வேளைகளில் மறைந்திருக்கும் பகைவன். பல சமூகத்தார் அருகருகே வாழுகின்ற நாட்டிலே, ஒரு வதந்தி ஒரே இரவில் ஊரை எரித்துவிடும் என்பதற்கு வரலாற்றுச் சான்று தேடி அலையவேண்டியதில்லை.

ஆதலின் இக்கதைகள் கற்பிக்கவேண்டியது சந்தேகத்தையன்று; கேள்வியை. சந்தேகம் ஆளைத் தேடும்; கேள்வி முறையைத் தேடும். இவன் கெட்டவனா என்று கேட்பது சந்தேகம். இந்தக் கட்டளையை எழுதியவர் யார், எந்தச் சட்டத்தின்கீழ் எழுதினார், எத்தனை நாளைக்கு எழுதினார், அவரை விசாரிக்கக்கூடியவர் யார் என்று கேட்பது கேள்வி. முன்னது ஊரைப் பிளக்கும். பின்னது ஆட்சியைத் திருத்தும்.

இக்கேள்விக்கான தேவை நாளுக்கு நாள் வளர்ந்து வருகின்றது. 2014ஆம் ஆண்டு இந்தியப் பொதுத்தேர்தலிலே நரேந்திர மோடியின் முப்பரிமாண உருவம் ஒரே வேளையிற் பல ஊர் மேடைகளிலே தோன்றிப் பேசியது. மேடைகளில் ஹோலோகிராம் என்று வழங்குகின்ற இத்தகைய காட்சி, பெரும்பாலும் கபோரின் முறையன்று. மெல்லிய திரையிலே உருவத்தைப் பிரதிபலிக்கச் செய்யும் உத்தி அது. 19ஆம் நூற்றாண்டிலேயே இலண்டன் மேடைகளில் ‘பெப்பரின் ஆவி’ என்ற பெயரால் ஆவிகளைக் காட்டியது. 2018இல் மறைந்த மு. கருணாநிதியின் உருவமும் குரலும் செயற்கை நுண்ணறிவினால் ஆக்கப்பட்டு, 2024ஆம் ஆண்டிலே தமிழ்நாட்டு விழாமேடை ஒன்றில் உரையாற்றின. இவற்றிலே வஞ்சனை இல்லை. காண வந்தோர் யாவரும் உண்மை அறிந்தே கண்டனர். ஆனால் அறியாதோர் கைப்பேசிக்கு அதே கலை வந்து சேரும்போது, ஜீவாவின் காலம் கதைப் புத்தகத்திலிருந்து இறங்கி வந்துவிடுகின்றது. ஒருவர் சொல்லாத சொல்லை அவர் வாயாலேயே சொல்லவைக்க இன்று பெரிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை.

சுஜாதா கற்பனை செய்த ஆண்டுகள் வந்தும் போய்விட்டன. அவர் கதையில் எங்கும் யந்திரம், எங்கும் ஒழுங்கு. உண்மையாக வந்த 2021ஆம் ஆண்டோ வேறுவிதமாக இருந்தது. திருகோணமலை மாவட்டத்திலே, கிண்ணியாவுக்கு அருகே களப்போரத்தில் உள்ள ஊர் குறிஞ்சாக்கேணி. மீனும் நெல்லும் நம்பி வாழ்கின்ற மக்கள். அக்கரையிலுள்ள பாடசாலைக்குக் களப்பைக் கடந்து செல்லும் பிள்ளைகள். பாலம் புதிதாகக் கட்டப்பட்டுக்கொண்டிருந்த காலத்திலே, அவர்கள் படகுப் பாதையிலேயே களப்பைக் கடந்தார்கள். 2021 நவம்பர் 23ஆம் தேதி காலை அந்தப் பாதை கவிழ்ந்தது. பாடசாலைச் சிறார் உட்படப் பலர் உயிரிழந்தனர். புத்தகப் பைகள் நீரிலே மிதந்தன.

அந்தத் துயரத்துக்குப் பின்னால் ஜீவாவும் இல்லை; பால்பட்டீனும் இல்லை. கறுப்பு முக்காடு அணிந்த எவனும் மறைவிலே நின்று திட்டமிட்டானல்லன். ஆனால் களப்பின் கரையிலே நின்று அழுத மக்கள் கேட்ட கேள்விகளோ, நிலா அலுவலகம் அலுவலகமாகச் சென்று கேட்ட கேள்விகளுக்கு உறவானவை. இந்தப் பாதைக்கு அனுமதி கொடுத்தவர் யார்? அதன் பாதுகாப்பைச் சோதித்தவர் யார்? எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதி ஒட்டும் கடமை யாருக்கு? பாலம் முடியும் நாளைச் சொல்லவேண்டியவர் யார்? ஒவ்வொரு கதவும் அடுத்த கதவைக் காட்டுமாயின், அங்கே கொடியவன் ஒருவனும் இல்லாமலேயே ஜீவாவின் ஆட்சி நடக்கின்றது. சாயலுக்குப் பின்னால் ஆளில்லை என்பதுதானே அந்த ஆட்சியின் இரகசியம்.

கதையிலே வருகின்ற சூழ்ச்சிக்காரன் பெரியவன். அவனை வெறுப்பது எளிது. அவன் வீழும்போது வாசகர் மகிழ்ந்து புத்தகத்தை மூடிவிடலாம். வாழ்க்கையிலே பதிலில்லாத நாற்காலிகளே அதிகம்; அவற்றை வெறுத்துப் பயனில்லை. அவற்றிலே பெயரும் பொறுப்பும் உள்ள மனிதர் அமர்ந்திருக்கும்படி செய்வதே குடிமக்களின் வேலை. கிராமச் சங்கத்தின் கணக்கைக் கேட்பதும், பாலத்தின் ஒப்பந்தக் காலத்தைக் கேட்பதும், அவசரச் சட்டத்தின் முடிவுத் தேதியைக் கேட்பதும் ஒரே வேலையின் சிறிய, பெரிய வடிவங்கள். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், அரச அலுவலகங்களிடம் எழுத்து மூலம் கேட்டுப் பதில் பெறும் உரிமையை இலங்கைப் பிரசைகளுக்கு வழங்கியது. அதனைப் பயன்படுத்தும் ஒரு மீனவரோ, ஒரு தாயோ, நிலா தேடிய கதவுகளில் ஒன்றையாவது திறக்கின்றார்.

சின்னஞ்சிறு யந்திர நாயொன்று புத்தகம் படித்துக் கேள்வி கேட்கக் கற்றுக்கொண்டதாகத் தமிழ்க் கதாசிரியர் ஒருவர் எழுதினார். படிக்கவும் கேட்கவும் பிறவியிலேயே உரிமை பெற்ற பிள்ளைகள், குறிஞ்சாக்கேணியிலும் மற்றை ஊர்களிலும் நாள்தோறும் வகுப்பறைகளிலே வந்து அமர்கின்றார்கள். ஜீவா யார் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தல் நன்று. ஜீவாவிடம் என்ன கேட்டிருக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தல் அதனினும் நன்று.